மவுஸைத் தொடாமல் ஒரு சோதனை

உங்கள் இணையதளத்தை வெளியிடும் முன் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே பக்கம் முழுக்கப் போய்ப் பாருங்கள். பின்னால் வர ஷிஃப்ட்டும் டேப்பும், லிங்க்கைத் திறக்க என்டர், டிக் பெட்டிக்கு ஸ்பேஸ். இப்போது எங்கே நிற்கிறோம் என்பது திரையில் தெரியவில்லையா? பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் யாரோ அழகுக்காக அவுட்லைனை, அதாவது நிற்கும் இடத்தைச் சுற்றித் தெரியும் கோட்டை, நீக்கியிருப்பார்கள். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரும், கை நடுக்கம் உள்ளவர்கள் பயன்படுத்தும் சுவிட்ச் போன்ற கருவிகளும் பெரும்பாலும் கீபோர்டு வழியையே நம்பியிருக்கின்றன. டேப் ஒரு பட்டனைத் தாண்டிப் போனால், அநேகமாக அது பட்டனே அல்ல, பட்டன் வேஷம் போட்ட டிவ், அதாவது எச்டிஎம்எல்லில் வெறும் பெட்டி. அதை நிஜமான பட்டன் டேக்காக மாற்றினாலே போதும்; டேப், என்டர், ஸ்பேஸ் மூன்றும் தனியாக ஸ்கிரிப்ட் எழுதாமலே வேலை செய்யும். பாப்-அப் திறந்தால் எஸ்கேப் தட்டி வெளியே வர முடிகிறதா என்றும் பாருங்கள், பலரும் கோட்டை விடும் இடம் அது.

மேக்கில் சஃபாரி என்றால் முதலில் சஃபாரியின் அமைப்புகளில் டேப் விசையால் ஒவ்வொன்றாக நகரும் தேர்வை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் லிங்க்குகளில் நிற்காது. அப்புறம், படங்களுக்கு மாற்று உரை (படத்தை விவரிக்கும் எழுத்து) இல்லாததையோ எழுத்து நிறம் மங்கலாக இருப்பதையோ இந்தச் சோதனை காட்டாது. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும், அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.