செம்பனைத் தோட்டத்துக்குள்ள காட்டுப்பன்றி சுட எந்தத் தோட்டா

சுங்கை சிப்புட் பக்கம் நெறைய தம்பிங்க இதத்தான் கேக்குறாங்க. மொதல்ல துப்பாக்கி லைசென்ஸ், பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) பெர்மிட் ரெண்டும் கையில இருக்கணும், மான் பக்கமே போகாதீங்க. செம்பனைக்குள்ள 30 மீட்டருக்கு மேல கண்ணுக்கே தெரியாது, அதனால 12 போர் துப்பாக்கியே போதும்.

20, 25 மீட்டருக்குள்ளன்னா டபுள்-ஓ பக்‌ஷாட், அதாவது ஒரே தோட்டாக்குள்ள பல குண்டு இருக்குற வகை; ரெண்டே முக்கால் இன்ச் தோட்டாவுல பெரும்பாலும் 9 குண்டு இருக்கும், ஒவ்வொண்ணும் 8.4 மில்லிமீட்டர், நல்ல பட்டாணி சைஸ். ஆனா தூரம் போகப் போக குண்டு விரிஞ்சிடும், ரெண்டு குண்டு மட்டும் பட்டு பன்றி ஓடிப்போயி புதருக்குள்ள கெடந்து சாகுறது பெரிய பாவம்ங்க. அதனால பழைய அட்டப்பெட்டிய வச்சு உங்க துப்பாக்கியிலேயே சுட்டுப் பாருங்க, ஒம்போது ஓட்டையும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள்ள விழுற தூரம்தான் உங்க எல்லை, அதுக்கு மேல ஒரு அடி கூட வேணாம்.

பெரிய ஒத்தப்பன்றின்னா ஸ்லக், 28 கிராம் ஒரே குண்டு, ஆனா ஃபுல் சோக் (வாய்ப்பக்கம் ரொம்பக் குறுகின) குழாயில போடாதீங்க. ஸ்லக் ரொம்ப தூரம் போகும், பின்னாடி மண்மேடு இருந்தா மட்டும் சுடுங்க, லயத்துப் பக்கமோ விடிகாலையில பால்மரம் வெட்ட ஆளுங்க நடக்குற பாதப் பக்கமோ குழாயத் திருப்பவே கூடாது.