குத்துச்சண்டையில் நாமே புள்ளி போட்டுப் பார்ப்பது எப்படி?

2018 டிசம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த வைல்டர் – ஃப்யூரி சண்டையில்தான் எனக்கு இந்தக் குழப்பம் ஆரம்பித்தது. டைசன் ஃப்யூரி பாதிக்கும் மேற்பட்ட ரவுண்டுகளில் தெளிவாக முன்னிலையில் இருந்ததாகத் தெரிந்தது. ஆனால் 9ஆவது ரவுண்டில் ஒருமுறை விழுந்தார். 12ஆவதில் டியான்டே வைல்டரின் வலதும் இடதும் அடுத்தடுத்து இறங்க, மல்லாந்து கிடந்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன். ரெஃப்ரி பத்து வரை எண்ணி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார்!

முடிவு டிரா. ஒரு ஜட்ஜ் வைல்டருக்கு 115-111 கொடுத்திருந்தார், இன்னொருவர் ஃப்யூரிக்கு 114-112, மூன்றாமவர் 113-113. மூன்று பேரும் பார்த்தது ஒரே சண்டையைத்தானா? தாளும் பென்சிலும் எடுத்து நானே கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது.

முதல் படி: தாள்

12 ரவுண்டுக்கு 12 வரிசை, இரண்டு வீரருக்கு இரண்டு பத்தி. அவ்வளவுதான். புள்ளி போடுவதற்கென்றே செயலிகள் இருக்கின்றன, ஆனால் எனக்குத் தாள்தான் பிடிக்கும். போனைக் குனிந்து பார்க்கும் இரண்டு நொடியில்தான் நல்ல அடி விழும். ரவுண்டு முடிந்து மணி அடித்ததும், அந்த ஒரு நிமிட ஓய்வுக்குள் எழுதிவிடுங்கள். அடுத்த ரவுண்டைப் பார்த்துவிட்டு முந்தையதைத் திருத்தாதீர்கள். ஜட்ஜுகளும் அப்படித்தான், ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: வர்ணனையை நிறுத்துங்கள்

இதை நான் விடாப்பிடியாகச் சொல்வேன். சத்தத்தோடு பார்த்தால் வர்ணனையாளர் யாரைப் புகழ்கிறாரோ அவருக்கே நம் கை புள்ளி போடும். கூட்டத்தின் ஆரவாரமும் அப்படித்தான். கையிலும் க்ளவுஸிலும் பட்டுத் தடுக்கப்பட்ட குத்துக்குக்கூடப் பெரிய சத்தம் வரும், அரங்கமே எழுந்து கத்தும். அது கணக்கில் வராது. க்ளவுஸின் முட்டிப் பகுதி, எதிராளியின் முகத்திலோ தலையின் பக்கவாட்டிலோ இடுப்புக்கு மேலே உடம்பிலோ சுத்தமாகப் பட வேண்டும். முதலில் இதை மட்டும் பாருங்கள். இதில் இருவரும் சமம் என்று தோன்றினால் மட்டும் மற்றவற்றுக்குப் போங்கள்: முன்னேறி அடித்ததில் பலன் இருந்ததா, சண்டை யார் விரும்பிய தூரத்தில் நடந்தது, யார் நன்றாகத் தவிர்த்தார். வெறுமனே முன்னால் நடந்து வந்து அடி வாங்குவதற்குப் புள்ளி இல்லை.

மூன்றாம் படி: கணக்கு (நான் தடுக்கி விழுந்த இடம்)

ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. தோற்றவர் ஒருமுறை நாக்டவுன் (குத்து பட்டுக் கீழே விழுவது) ஆகியிருந்தால் பெரும்பாலும் 10-8, இரண்டு முறை என்றால் 10-7.

முழுச் சண்டையையும் ஒன்றாக எடைபோட்டு ‘மொத்தத்தில் யார் நன்றாக அடித்தார்’ என்று கேட்டுக்கொண்டிருந்ததுதான் என் தவறு. அந்தக் கேள்விக்கே இங்கே இடமில்லை. 12 சின்னச் சின்னச் சண்டைகள் தனித்தனியாக நடக்கின்றன, கடைசியில் கூட்டிக்கொள்கிறார்கள். நூலிழையில் வென்ற ரவுண்டுக்கும் 10-9தான், வெளுத்து வாங்கிய ரவுண்டுக்கும் பெரும்பாலும் 10-9தான். நாக்டவுனும் அப்படியே. மல்லாந்து விழுந்தாலும், கால் தடுமாறி க்ளவுஸ் தரையைத் தொட்டாலும் (குத்து பட்டதால் என்றால்) ஒரே மதிப்பு.

இப்போது அந்த 113-113ஐப் பிரித்துப் பார்ப்போம். விழுந்த இரண்டு ரவுண்டில் வைல்டருக்கு 20, ஃப்யூரிக்கு 16. மீதி 10 ரவுண்டில் ஃப்யூரி 7, வைல்டர் 3. அந்தப் பத்தில் ஃப்யூரிக்கு 70 + 27 = 97, வைல்டருக்கு 63 + 30 = 93. கூட்டினால் இருவருக்கும் 113. ஃப்யூரி 7 ரவுண்டு வென்றும் டிரா! அதே பத்தில் ஃப்யூரிக்கு 8 கொடுத்தால் 114-112. ஐந்துக்கு ஐந்தாகப் பிரித்தால் வைல்டருக்கு 115-111. மூன்று ஜட்ஜுகளுக்கும் இடையிலான வித்தியாசம் நெருக்கமான இரண்டு மூன்று ரவுண்டுகள் மட்டுமே. இந்தக் கணக்கை நீங்களும் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள், கண்ணால் படித்தால் பதியாது.

நான்காம் படி: முடிவின் பெயர்

மூன்று ஜட்ஜும் ஒருவருக்கே கொடுத்தால் ஒருமனதான தீர்ப்பு. இருவர் ஒருவருக்கு, மூன்றாமவர் எதிராளிக்கு என்றால் ஸ்ப்ளிட் டிசிஷன். இருவர் ஒருவருக்கு, மூன்றாமவர் சமம் என்றால் மெஜாரிட்டி டிசிஷன். ரெஃப்ரியோ, கார்னரோ (வீரரின் பயிற்சிக் குழு), மருத்துவரோ சொல்லி நிறுத்தப்பட்டால் டிகேஓ (டெக்னிக்கல் நாக்அவுட்), அப்போது தாளில் யார் முன்னிலை என்பது பொருட்டே இல்லை.

ஐந்தாம் படி: பெல்ட்

ஒரே எடைப்பிரிவில் எப்படி நான்கு உலக சாம்பியன்கள் என்று எல்லோருக்கும் வரும் சந்தேகம். தொழில்முறை குத்துச்சண்டைக்கு ஒரே தலைமை அமைப்பு கிடையாது. டபிள்யூபிஏ (1921இல் வேறு பெயரில் தொடங்கியது), டபிள்யூபிசி (1963), ஐபிஎஃப் (1983), டபிள்யூபிஓ (1988) என்று நான்கு அமைப்புகள், நான்கு தரவரிசைகள், நான்கு சாம்பியன் பெல்ட்கள். ஒவ்வொன்றும் தன் சாம்பியன் இன்னாரோடு மோதியே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாய எதிராளியை நிறுத்தும். நான்கு பெல்ட்டையும் சேர்ப்பதைவிட வைத்துக்கொள்வதுதான் கடினம். 2024 மே 18 அன்று ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக் ஃப்யூரியை வென்று நான்கையும் ஒன்றாக்கினார், அடுத்த மாதமே ஐபிஎஃப் பெல்ட்டை விட்டுக்கொடுத்தார். அவர் மறுபடி ஃப்யூரியோடு மோத வேண்டியிருந்தது, அந்த அமைப்போ தன் எதிராளியை முன்னிறுத்தியது. உலகின் முதல் இரண்டு வீரர்கள் ஏன் பல நேரம் மோதிக்கொள்வதில்லை என்ற கேள்விக்கும் பாதி விடை இதில் இருக்கிறது. மீதி விடை சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர்களிடம், அதற்குத் தனிப் பதிவே வேண்டும்.

பின்சேர்க்கை: படித்த சிலர் 10-10 போடலாமா என்று கேட்டார்கள். விதிப்படி போடலாம், ஆனால் ஜட்ஜுகள் மிக அரிதாகவே போடுகிறார்கள். பழகும் வரை நீங்கள் போடவே வேண்டாம், யாரையாவது தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால்தான் கண் கூர்மையாகும்.

இன்னொருவர் தாளில் ஒரு சண்டை பாதியில் நின்றுபோயிருந்தது. தற்செயலாகத் தலையும் தலையும் மோதிக் காயம்பட்டு நிறுத்தினால், பல இடங்களில் 4 ரவுண்டு முடிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிந்திருந்தால் அதுவரை போட்ட புள்ளியை வைத்தே தீர்ப்பு. அதனால்தான் முதல் ரவுண்டிலிருந்தே எழுதச் சொல்கிறேன்.