பழைய பைக்கில் இ20 பெட்ரோல்: வீட்டிலேயே சோதித்து, சரிசெய்து ஓட்டுவது எப்படி?

அப்பாவின் பழைய வண்டி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. 2009-ல் வாங்கியது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டர் வைத்த 100 சிசி. போன ஐப்பசி மழையில் மூன்று வாரம் வாசலிலேயே நின்றுவிட்டது. அப்புறம் எடுக்கப் போனால், கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து என்னிடம் நீட்டினார். மேலே பெட்ரோல், கீழே அரை விரல் உயரத்துக்கு நிறமே இல்லாத இன்னொரு திரவம், இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி ஒரு எல்லை. "தண்ணி எறங்கியிருக்கு தம்பி. பெட்ரோல்ல இருந்த எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கிட்டு அடியில போய் உக்காந்துடுச்சு" என்றார்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படித்து, நானே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து வருகிறேன். இ20 வந்ததும் இன்ஜினே போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம், ஒன்றுமே ஆகாது என்பவர்கள் இன்னொரு பக்கம். என் அனுபவத்தில், பழைய வண்டியைப் படுத்துவது பெரும்பாலும் இரண்டே விஷயங்கள்: தண்ணீர், வயதான ரப்பர். இரண்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஸ்பேனரைத் தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை.

முதலில், பெட்ரோல் பங்கில் நமக்கு ஊற்றுவது என்ன?

இ20 என்றால் நூறு மில்லியில் 20 மில்லி எத்தனால் என்கிற ஆல்கஹால், மிச்சம் பெட்ரோல். எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளம், குருணை அரிசி போன்ற தானியங்களிலிருந்தும் வருகிறது. இந்தியாவில் 2022 ஜூனில் 10 சதவீதக் கலப்பை எட்டினார்கள். 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் இ20 வந்தது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னால் இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டார்கள். கலப்பில்லாத பெட்ரோலையும் தேர்வாக வைக்கச் சொல்லிப் போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அதனால் சாதாரண பங்கில் போய் "கலக்காதது கொடுங்க" என்று கேட்டுப் பயனில்லை. இருப்பதை வைத்து வண்டியைத் தயார் செய்வதுதான் வழி.

படி 1: உங்கள் வண்டி எந்த ரகம்?

ஆர்சி புத்தகத்தில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் அதன் ரப்பர், பிளாஸ்டிக், உலோகப் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் இ20 என்று ஸ்டிக்கரும் இருக்கலாம். நீங்கள் கடைசிப் படியை மட்டும் படித்தால் போதும்.

2020-லிருந்து 2023 வரை வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டிகள் நடு ரகம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் கார்புரேட்டருக்குப் பதிலாக, வண்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஃப்யூவல் இன்ஜெக்ஷன் இருக்கும். சைலன்சர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். எத்தனை சதவீத எத்தனால் வரை சம்மதம் என்று கூடவே கொடுத்த கையேட்டில் எழுதியிருப்பார்கள், ஒருமுறை தேடிப் படித்துவிடுங்கள்.

அதற்கும் முந்தைய கார்புரேட்டர் வண்டிதான் நம் கவலைக்குரியது. கீழே வருவது முக்கியமாக அதற்குத்தான்.

படி 2: பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று அளப்பது

இதைக் கட்டாயம் ஒருமுறையாவது செய்து பாருங்கள். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பார்த்த, கோடு போட்ட 100 மில்லி கண்ணாடி அளவு ஜாடி ஒன்று வேண்டும். பங்கில் பாட்டிலில் கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் டேங்கிலிருந்து ட்யூப் வழியாகவே எடுங்கள். வண்டி ஆறியிருக்க வேண்டும், வெட்டவெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் அடுப்போ பீடியோ போனோ கூடாது. தெர்மாகோல் கப் வேண்டவே வேண்டாம், பெட்ரோல் பட்டதும் கரைந்து ஒழுகிவிடும்.

ஜாடியில் முதலில் சரியாக 10 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அதன் மேல் 50 மில்லி பெட்ரோல். வாயை மூடி, மெதுவாக நாலைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, இடையிடையே மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியே விட்டு, பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் தண்ணீரோடு சேராது, மேலேயே நிற்கும்.

இப்போது ஜாடியைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அடி அடுக்கு எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 10-ல் இருந்த தண்ணீர் 20 கிட்டே வந்திருந்தால், கூடுதலாக வந்த 10 மில்லியும் எத்தனால். 50-க்கு 10, அதாவது 20 சதவீதம். 15-ல் நின்றால் 10 சதவீதம். 10-ஐ விட்டு நகரவே இல்லை என்றால் எத்தனால் இல்லை. ஒன்றிரண்டு கோடு முன்னே பின்னே இருக்கும், துல்லியமான சோதனை இல்லை, ஆனால் நமக்கு வேண்டிய பதில் இதில் கிடைத்துவிடும்.

இதைச் சொல்லும்போதே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இப்படித் தண்ணீர் கலந்து எத்தனாலைப் பிரித்துவிட்டு, மேலே நிற்கிற பெட்ரோலை வண்டிக்கு ஊற்றலாம் என்று சிலர் வீடியோ போடுகிறார்கள். செய்யாதீர்கள். கலப்புக்கென்று தயாரிக்கிற பெட்ரோலின் ஆக்டேனில், அதாவது இன்ஜினுக்குள் கண்ட நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்குகிற திறனில், ஒரு பகுதியை எத்தனால்தான் தூக்கிப் பிடிக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஆக்டேன் இறங்கி இன்ஜின் தட்டும். போதாததற்கு அந்தப் பெட்ரோலில் ஈரமும் மிச்சம் இருக்கும். வாளி வாளியாகப் பெட்ரோலைத் திறந்து வைத்துக் கலக்குவதன் ஆபத்தை நான் சொல்லவே வேண்டாம். சோதனை செய்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாமல் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

படி 3: ரப்பர் பாகங்கள்

டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ட்யூப்பை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைகிற இடத்தில் மெல்லிய கீறல்கள் தெரிகிறதா, கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா, முனை உப்பிக் கிளிப்புக்குள் லூசாக இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள். பழைய ரக ரப்பரை எத்தனால் உப்ப வைக்கும், அப்புறம் அது காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எங்கள் வண்டியில் ட்யூப் வெளியே பளபளப்பாகத்தான் இருந்தது, கழற்றி முனையை அமுக்கினால் உள்பக்கம் கருப்பாகக் கையில் பொடி ஒட்டியது. அந்தப் பொடிதான் போய், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருகிற சின்ன ஓட்டையான ஜெட்டை அடைக்கும்.

ட்யூப்போடு சேர்த்துப் பெட்ரோல் டேப்பின் வாஷர், டேங்க் மூடியின் ரப்பர் வளையம், கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கிற கிண்ணமான ஃப்ளோட் பவுலைச் சுற்றி வருகிற ஓ-ரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள். கடையில் கேட்கும்போது "இ20 தாங்குற ரப்பர்" என்று கேளுங்கள், விட்டான் ரப்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. சைக்கிள் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற மலிவு ட்யூப் வேண்டாம்.

படி 4: வடிகட்டி

எத்தனால் நல்ல கரைப்பான். பத்துப் பதினைந்து வருஷமாக டேங்க் சுவரில் படிந்து கிடந்த பிசினையும் துருவையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு வரும். அதனால் முதலில் டேப்புக்குள் இருக்கிற வலையைக் கழுவுங்கள், ட்யூப் நடுவில் ஒரு சின்ன வடிகட்டி போடுங்கள், இரண்டு மூன்று டேங்க் ஓடிய பிறகு அதைத் தூக்கிப்போட்டு வேறு போடுங்கள்.

படி 5: டேங்க் மூடியைச் சுற்றியுள்ள ஓட்டை

எங்கள் வண்டியில் தண்ணீர் நுழைந்த வழி இதுதான். மூடி டேங்கோடு சமமாகப் படிந்திருக்கிற வண்டிகளில், மூடியைச் சுற்றிய பள்ளத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கி, ஒரு ட்யூப் மூலமாக வண்டிக்கு அடியில் சொட்டும். தூசியும் பாலிஷும் சேர்ந்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் தண்ணீர் மூடியைச் சுற்றிக் குளம் கட்டி, நைந்த ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே இறங்கும்.

சோதிப்பது சுலபம். மூடியைப் பூட்டிவிட்டு அந்தப் பள்ளத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். வண்டிக்கு அடியில் சொட்டினால் சரி. தேங்கி நின்றால், தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மெல்லிய கம்பியால் பதமாகக் குத்தி அடைப்பை எடுங்கள்.

கலப்பில்லாத பெட்ரோல் காலத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் உள்ளே போனால் அது தனியாக டேங்கின் அடியில் கிடக்கும், வடித்தால் போய்விடும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீர் வரை தனக்குள் கரைத்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து மொத்தமாகக் கீழே இறங்கிவிடும். இன்ஜினுக்குப் போகிற வழி டேங்கின் அடியில்தானே இருக்கிறது, முதலில் போவது அந்த அடுக்குதான்.

படி 6: கார்புரேட்டர் டியூனிங்

ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். இ20-க்கு இது 13.5 அளவில் வரும். கார்புரேட்டரின் ஜெட் ஓட்டை மாறாது, அதனால் பழைய அளவிலேயே விட்டால் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்த கலவை ஆகிவிடும். காலையில் சோக் போட்டும் கிளம்பச் சுணங்குவது, ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் ஒரு நொடி இழுக்காமல் திணறுவது, கையை விட்டதும் சைலன்சரில் பட் பட் என்று வெடிப்பது எல்லாம் அதன் அடையாளம்.

பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எதையும் தொடாதீர்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை. கருப்பாகக் கரி படிந்திருந்தால் அதிகமாகப் போகிறது. வெளுத்திருந்தால் கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பி மறுபடி ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் அந்தத் திருகு காற்றுக்கு, சிலவற்றில் பெட்ரோலுக்கு. தெரியாமல் திருகுவதைவிட மெக்கானிக்கிடம் "கொஞ்சம் ரிச்சா வைங்கண்ணா" (பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகட்டும்) என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது நல்லது.

படி 7: மைலேஜ் எவ்வளவு குறைந்தது?

லிட்டர் கணக்கில் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் மைலேஜ் குறையத்தான் செய்யும், குறையவே இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 60 கொடுத்த வண்டி 58 கொடுக்கலாம்.

டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்து, இருநூறு கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள், மூன்று தடவை. 60 போய் 48 ஆகிவிட்டது என்றால் எத்தனாலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, கிளட்ச் வழுக்குவது எல்லாவற்றையும் பாருங்கள்.

படி 8: நிறுத்தி வைப்பது

பெரிய நகரங்களில் சில பங்குகளில் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது. எத்தனால் கலக்காதது என்று சொல்கிறார்கள், படி 2-ஐச் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 95 ஆக்டேன் பிரீமியம் என்பது வேறு, அதை எத்தனால் இல்லாதது என்று நினைத்து வாங்காதீர்கள். தினமும் 100 ஆக்டேன் ஊற்றுவது வீண் செலவு, விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, 100 சிசி வண்டிக்கு அந்த ஆக்டேனால் ஒரு லாபமும் இல்லை. ஆனால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு வெளியூர் போகிறீர்கள் என்றால் கடைசி டேங்க் மட்டும் அதுவாக இருக்கட்டும்.

அது கிடைக்காத ஊரில், ஒன்று டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள், ஈரக் காற்றுக்கு உள்ளே இடமிருக்காது. அல்லது சுத்தமாக இறக்கிவிடுங்கள். பாதி டேங்கோடு மழைக்காலத்தில் நிறுத்தாதீர்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் டேப்பை மூடி, தானாக அணையும்வரை இன்ஜினை ஓடவிட்டு, பவுல் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். இரு வாரத்துக்கு மேல் நிற்கிற எந்தக் கார்புரேட்டர் வண்டிக்கும் இது பொருந்தும்.

திரும்பி வந்து வடித்துப் பார்க்கும்போது அடியில் தனி அடுக்கு தெரிந்தால், மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், மொத்தத்தையும் இறக்குங்கள். எங்கள் வண்டியில் அன்று டேங்கில் இருந்த இரண்டு லிட்டரையும் இறக்கி, பவுலைக் கழற்றித் துடைத்து, ஜெட்டை ஊதி, புதுப் பெட்ரோல் ஒரு லிட்டர் ஊற்றினோம். நான்காவது உதையில் கிளம்பியது.