மின் நீர்நில வண்டியைச் சதுப்பு நிலத்தில் இயக்கும் முறை

கனடாவில் ஹட்சன் விரிகுடாவை ஒட்டிக் கிடக்கும் தாழ்நிலம் உலகின் மிகப் பெரிய சதுப்பு நிலப்பரப்புகளுள் ஒன்று. மட்கிய பாசி மண்ணும் ஏரியும் ஓடையும் மாறி மாறி வரும் இத்தகைய இடங்களுக்குச் செல்லும் ஆய்வுக் குழுவினருக்கு உதவ ஆறு அல்லது எட்டுச் சக்கரங்கள் கொண்ட சிறிய நீர்நில வண்டிகள் இருக்கின்றன. ஒன்டாரியோ மாகாணத்தில் 1967 முதல் தயாரிக்கப்படும் ஆர்கோ இவற்றுள் பெயர் பெற்றது. எஞ்சினுக்குப் பதிலாக மோட்டாரும் பேட்டரியும் கொண்ட வண்டி தரையில் ஏறக்குறைய அதைப் போலவே ஓடும். தண்ணீரில் இறக்கும்போதுதான் தனிக் கவனம் தேவைப்படுகிறது.

முதலில் எடையைக் கணக்கிட வேண்டும். தரையில் ஏற்றத்தக்க எடையைவிட நீரில் ஏற்றத்தக்க எடை குறைவு என்பதால், கையேட்டில் இரண்டாவது எண்ணையே பார்க்க வேண்டும். உடற்கூட்டின் அடிப்பகுதி 2.2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடையதானால், ஏற்றும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் வண்டி ஏறத்தாழ 4.5 செ.மீ. கூடுதலாக அமிழும். ஆட்களும் பெட்டிகளும் ஏறிய பின் கரையோர ஆழமற்ற நீரில் நிறுத்திப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேல் பக்கச் சுவர் ஒரு சாண்கூடத் தெரியவில்லையென்றால், சுமையைப் பிரித்து இரண்டு நடையாகக் கடப்பதே சரி.

அடுத்தது மின்சாரக் கணக்கு. ஒரு பக்கச் சக்கரங்களைத் தடுத்துத் திரும்பும் வண்டி சேற்றில் ஒவ்வொரு திருப்பத்திலும் பேட்டரியை உறிஞ்சும் என்பதால், விளம்பரத்தில் சொல்லப்படும் தூரத்தை நம்பிப் புறப்படக் கூடாது. முழுச் சுமையுடன் முகாமுக்கு அருகிலேயே ஒரு கிலோமீட்டர் ஓட்டி, எத்தனை யூனிட் செலவாயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை யூனிட் என்று வந்தால், 12 யூனிட் பேட்டரிக்கு 24 கி.மீ. கிடைக்கும்; அதில் மூன்றில் ஒரு பங்கான 8 கி.மீ. வரை போகலாம், ஒரு பங்கு திரும்பி வர, மற்றொன்று கையிருப்பு. நல்ல வெயிலில்கூட 400 வாட் சூரியத் தகடு ஒரு நாளில் ஏறக்குறைய 2 யூனிட்தான் தரும். ஆகவே முகாமில் ஜெனரேட்டர் தேவைப்படலாம். மின் வண்டிக்குப் பெட்ரோல் ஜெனரேட்டரா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பறவைகள் கூடு கட்டும் இடத்தில் சத்தமில்லாமல் நகர முடிவதே இவ்வண்டியின் பெரும் பயன்.

நீரில் இறங்கும் முன் பலரும் தவறவிடுவது மோட்டாரின் சூட்டை. நெடுநேரம் சேற்றில் உழைத்துச் சூடேறிய மோட்டார் திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்கினால், உறைக்குள் இருக்கும் காற்று சுருங்கி, அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐபி67 என்னும் தரக் குறியீடு 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவதைக் குறிப்பதே தவிர, சூடான உறை குளிரும்போது ஏற்படும் இந்த உறிஞ்சலுக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. எனவே கரையில் நிறுத்தி, உறையைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட வேண்டும். மோட்டாரிலிருந்து மேலே செல்லும் காற்றுக் குழாய் மடங்காமலும் சேறு அடைக்காமலும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவேளையில் அடித்தட்டின் வடிகால் மூடிகளை இறுக்கிவிடலாம். உள்ளே கசியும் நீரை வெளியேற்றும் பம்ப் தனிச் சிறு பேட்டரியில் ஓட வேண்டும். ஏனெனில் மின்கசிவு கண்டதும் முதன்மை பேட்டரி தானாகவே துண்டிக்கப்படலாம்.

சக்கரங்களின் சுழற்சியால் மட்டுமே நீந்தும் வண்டி மணிக்கு ஏறத்தாழ 4 கி.மீ. வேகத்தைத்தான் எட்டும். ஒரு சுள்ளியை ஓடையில் எறிந்து, அது 10 மீட்டர் நகர எடுக்கும் நேரத்தை எண்ணுங்கள். 20 விநாடி ஆனால், 20 மீட்டர் அகல ஓடையைக் கடப்பதற்குள் வண்டி 9 மீட்டர் கீழே தள்ளப்பட்டுவிடும். அதைவிட விரைவாகச் சுள்ளி ஓடினால் வேறு இடம் தேடுவதே நல்லது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும், சீட் பெல்ட்டை அவிழ்த்துவிட வேண்டும், முன்கொக்கியில் கயிறு முன்கூட்டியே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இறங்குவதைவிட ஏறுவதே கடினம் என்பதால், எதிர்க்கரையில் ஏறும் இடத்தைத் தேர்ந்த பிறகே இறங்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். முன்சக்கரங்கள் கரையைப் பற்றி மூக்கு உயரும்போது பின்பகுதி தாழ்ந்து, அங்கே சுமை மிகுந்திருந்தால் நீர் உள்ளே புரளும். கனமான பெட்டிகளை நடுவில் வைத்து, கரைக்கு நேர்செங்குத்தாக, மெதுவாக ஏற வேண்டும்.

திரும்பியதும் அடித்தட்டு நீரை முழுவதும் வடித்து, சக்கரங்களில் சிக்கிய செடிகொடிகளை அகற்றிக் காயவிடுங்கள். வரிக்குதிரைச் சிப்பி போன்ற அந்நிய உயிரிகள் ஏரிக்கு ஏரி பரவுவது இந்த ஈரத்தின் வழியேதான். படகுகளுக்கு நீரை வடிப்பதையும் செடிகொடிகளை அகற்றுவதையும் ஒன்டாரியோ 2022 முதல் சட்டக் கடமையாகவே ஆக்கியுள்ளது. குளிர்காலமாயின், லித்தியம் செல்கள் உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் அவற்றுக்குள் உலோகப் படிவு உண்டாகி நிரந்தரச் சேதம் விளையும். கூடாரத்துக்குள் கொண்டுவந்தோ சூடேற்றும் வசதியைப் பயன்படுத்தியோ செல்களின் வெப்பநிலையை 5 பாகை செல்சியசுக்கு மேல் உயர்த்திய பிறகே சார்ஜரை இணையுங்கள்.