'இஃப்' நிபந்தனை தவறான கிளைக்குள் நுழைந்தால்: கம்பைலரைச் சந்தேகிக்கும் முன் செய்ய வேண்டியவை

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் சி மொழியைப் புதிதாகக் கற்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பார்வைக்குச் சரியாக இருக்கும் 'இஃப்' நிபந்தனை சில வேளைகளில் எதிர்பாராத கிளைக்குள் போய்விடும். நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளான கம்பைலரின் பிழையும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

முதலில் நிரலைச் சுருக்குங்கள். பயண அட்டையின் இருப்பைக் காசுக் கணக்கில் வைத்திருக்கும் ஓர் 'இன்ட்' (முழு எண்) மாறியை எடுத்துக்கொள்வோம். ஒரு வெள்ளி நிரப்பும்போது எண் எல்லை மீறுகிறதா என்றறிய, "இருப்பு + 100, இருப்பைவிடக் குறைவா?" என்ற நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். 32 பிட் 'இன்ட்'டின் உச்ச மதிப்பான 2147483647ஐ உள்ளீடாகக் கொடுத்து, நிரலை வேகப்படுத்தச் சொல்லும் '-ஓ2' (-O2) விருப்பத்துடன் ஜிசிசி (GCC) என்ற கம்பைலரில் ஓட்டிப் பாருங்கள். எல்லை மீறிய எண் எதிர்ம எண்ணாகச் சுழன்று குறைந்துவிடும் என நினைத்து 'ஆம்' என்று எதிர்பார்க்கும் இடத்தில் 'இல்லை' என்றே வரும்.

இது கம்பைலரின் பிழையன்று. 'இன்ட்' போன்ற குறியுடைய (எதிர்ம மதிப்பும் ஏற்கும்) முழு எண் எல்லை மீறினால் என்ன நிகழும் என்பதைச் சி மொழியின் தரநிலை வரையறுக்கவில்லை. ஆகவே அப்படியொரு மீறல் நிகழாது என்றே வைத்துக்கொண்டு, 100 கூட்டிய எண் குறைய வழியில்லை எனத் தீர்மானித்து, கம்பைலர் அந்தச் சோதனையையே அகற்றிவிடுகிறது.

அடுத்து, எல்லை மீறும் எண் அப்படிச் சுழலும் என்றே கொள்ளச் சொல்லும் '-எஃப்ராப்வி' (-fwrapv) விருப்பத்தைச் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள். விடை மாறினால் குற்றவாளி எல்லை மீறல்தான். '-எஃப்சானிடைஸ்=அன்டிஃபைன்ட்' (-fsanitize=undefined) என்ற விருப்பம் எந்த வரியில் மீறல் நேர்ந்தது என்பதையே காட்டிவிடும்; தொடக்கநிலையாளர்கள் இதை எப்போதும் சேர்த்துப் பழகுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. திருத்தமும் எளிது: கூட்டுவதற்கு முன்பே, இருப்பு 2147483547ஐவிட அதிகமா என்று கேளுங்கள்.

இச்சோதனைகளில் எதுவும் சிக்காவிட்டால், அதே நிரலைக் கிளாங் (Clang) என்ற மற்றொரு கம்பைலரிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். உண்மையான கம்பைலர் பிழைகளும் உண்டு. ஜிசிசியின் 323ஆம் எண் பிழைப் பதிவு புகழ்பெற்றது: பழைய 32 பிட் எக்ஸ்86 (x86) செயலியை இலக்காகக் கொண்டு கம்பைல் செய்யும்போது, ஒரே தசமக் கணக்கின் இரு விடைகளில் ஒன்று செயலிக்குள் இருக்கும் 80 பிட் ரிஜிஸ்டரிலும் மற்றொன்று 64 பிட்டாகச் சுருங்கி நினைவகத்திலும் இருப்பதால், 'சமமா?' என்ற நிபந்தனை பொய்த்துவிடும். யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சிஸ்மித் (Csmith) என்ற, கம்பைலர்களைச் சோதிக்கச் சி நிரல்களைத் தானே உருவாக்கும் கருவி, 2011இல் வெளிவந்த ஆய்வின்படி, 325க்கும் மேற்பட்ட கம்பைலர் பிழைகளைக் கண்டறிந்தது.

அப்படியொன்று கிடைத்தால், ஏற்கெனவே பதிவாகியுள்ளதா எனத் தேடிவிட்டு, சுருக்கிய நிரல், கம்பைலரின் பதிப்பு, இலக்கு, கொடுத்த விருப்பங்கள், எதிர்பார்த்த விடை, வந்த விடை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பிழைப் பதிவுத் தளத்தில் தெரிவியுங்கள்.