ஜெர்மன் குத்துவாள் வாங்கும்போது எல்லோரும் சறுக்கும் இடங்கள்

நாஜி ஆட்சிக்கால ஜெர்மன் குத்துவாளைக் கையில் வாங்கியதும் முக்கால்வாசிப் பேர் முதலில் தேடுவது அலகில் உள்ள கம்பெனி முத்திரையைத்தான். கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான சோலிங்கனின் பெயர் இருக்கிறது, ஐக்ஹார்ன் கம்பெனியின் அணில் சின்னம் இருக்கிறது, சரி, அசல்தான் என்று பணத்தை எடுத்துவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. போலி செய்கிறவன் மெனக்கெட்டுச் செய்வதே அந்த முத்திரையைத்தான். அதைவிடச் சிக்கலான ஒன்றும் உண்டு: இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சோலிங்கன் பட்டறைகளில் மிஞ்சிக் கிடந்த உதிரிப் பாகங்களை 1960களில் வாங்கிப் பூட்டி முழுக் குத்துவாளாக விற்றிருக்கிறார்கள், அதில் அலகும் அசல், முத்திரையும் அசல், ஆனால் அந்தக் கத்தி 1930களில் யார் இடுப்பிலும் தொங்கியதே கிடையாது.

அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. அலகு, கைப்பிடி, குறுக்குக் காப்பு (பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குத் துண்டு), உறை எல்லாம் சேர்ந்து ஒன்றாகக் கிழடு தட்டியிருக்கின்றனவா?

1933 டிசம்பரில் வந்த எஸ்.ஏ. (நாஜிக் கட்சியின் அடியாள் படை) குத்துவாளை எடுத்துக்கொள்வோம். பழுப்பு மரக் கைப்பிடியில் ஒரு கழுகு பதித்திருக்கும். லென்ஸ் வைத்து அந்தக் கழுகின் இறக்கை நுனியைப் பாருங்கள். அசலில் மரத்தைக் கையால் குடைந்து பொருத்தியதால் உலோகமும் மரமும் ஒட்டி உட்கார்ந்திருக்கும், விரலால் தடவினால் மேடு பள்ளம் தட்டாது. போலியில் சுற்றிலும் இடைவெளி தெரியும், அதை மெழுகோ பசையோ வைத்து அடைத்திருப்பார்கள். மரம் காப்பைத் தொடும் இடத்திலும் அப்படித்தான், இரண்டும் ஒரே மட்டமாக வழுக்கிக்கொண்டு போகவேண்டும். அப்புறம் அலகு: சாணைக் கோடுகள் நீளவாக்கில் இல்லாமல் குறுக்காக மெல்லிசாக ஓடும். 'எல்லாம் ஜெர்மனிக்காக' என்ற பொருள்படும் வாசகம் அமிலத்தால் அரித்த எழுத்து, எழுத்துக்குள் கறுப்பு நிறம் ஒரே சீராக இருக்கும். இயந்திரத்தில் வெட்டிய எழுத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிந்துவிடும்.

தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு, இதில்தான் பெரிய பணம் போகிறது. 1934 தொடக்கத்தில் எஸ்.ஏ. தலைவர் ஏர்ன்ஸ்ட் ரோம் தன் பெயரும் நட்பு வாசகமும் பொறித்த குத்துவாள்களைக் கொடுத்தார். அந்த ஆண்டு ஜூன் 30-இல் அவரைக் கைதுசெய்து, அடுத்த நாள் கொன்றுபோட்டார்கள், பிறகு அந்தப் பெயரைச் சாணையில் தேய்த்து எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பெயர் முழுசாக மிஞ்சிய கத்தி அரிது என்பதால்தான் அதைப் போலி செய்கிறார்கள். ஆர்.இசட்.எம். என்ற கட்சிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் குறியீட்டு எண் இந்தக் கத்திகளில் வந்தது அதற்குப் பிறகுதான், ஆகவே ரோம் பெயரும் அந்த எண்ணும் ஒரே அலகில் இருந்தால் கீழே வைத்துவிட்டு நகருங்கள். உலோகமும் பேசும்: ஆரம்பகாலப் பொருத்திகள் ஜெர்மன் சில்வர் (வெள்ளி அல்ல, நிக்கல் கலந்த உலோகக் கலவை), பின்னால் வந்தவை மலிவான உலோகத்தில் முலாம் பூசியவை. முதல் வருடக் கத்தி என்று சொல்லி முலாம் உரிந்த காப்பைக் காட்டினால் ஏதோ மாற்றியிருக்கிறார்கள்.

1935-இல் வந்த தரைப்படை அதிகாரியின் குத்துவாளில் கைப்பிடி வெள்ளையிலிருந்து அடர் ஆரஞ்சு வரை எந்த நிறத்திலும் இருக்கலாம். ஆரஞ்சு என்றால் அசல் என்று நினைப்பது தப்பு. பலவற்றில் மேல்தோல் செல்லுலாய்டு, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கினால் லேசாகக் கற்பூர வாசம் வரும். பிடியின் முனையில் உள்ள குமிழைத் திருகிக் கழற்றினால் பிடிக்குள் இருந்த அலகின் காம்பு மங்கலாக நிறம் மாறியிருக்கவேண்டும், பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். கழற்றுவதை விற்பவரையே செய்யச் சொல்லுங்கள், அவசரத்தில் குறடு போட்டால் நல்ல பொருளும் கெட்டுவிடும்.

ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது சட்டப்படி குற்றம் என்பதால் சந்தையில் அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருப்பார்கள். நாம் பார்க்கவேண்டிய கழுகு அதற்குள் மறைந்துபோகிறது. மறைத்த படத்தை மட்டும் வைத்து வாங்காதீர்கள், நேரில் கையில் வாங்கிப் பாருங்கள்.

'தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது' என்ற கதையை நம்பி விலை ஏற்றாதீர்கள். தாத்தா பொய் சொல்லியிருக்கமாட்டார், ஆனால் கத்தி கைமாறும்போது கதையையும் சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். இது ஒரு கொடூரமான ஆட்சியின் தடயம், இதில் போலி கலப்பது வரலாற்றில் பொய் கலப்பது என்றே நான் நினைக்கிறேன். சந்தேகம் இருந்தால் சோலிங்கனில் உள்ள கத்தி அருங்காட்சியகத்தில் ஒரு நாள் செலவழித்து, பழைய அலகுகளைக் கண் பழகும்வரை பார்த்துவிட்டு வந்து வாங்குங்கள். வாங்கியபின் பளபளப்புக்காகப் பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், அலகின் குறுக்குக் கோடுகள் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வராது.