தெருவிளக்கு எரியலையா? கம்ப எண்ணோடு புகார் கொடுங்க

தெருவிளக்கு எரியலைன்னா, வேலூர் மாநகராட்சிக்குத் தெருப் பெயரோடு கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண்ணையும் கொடுங்க; பகலிலேயே போட்டோ எடுத்து வைக்கலாம். சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர் பக்கம் ஒரே மாதிரி பெயரில் குறுக்குத் தெருக்கள் இருக்கு. பழுது பார்ப்பவர் வருவதோ பகலில், அப்போது எந்த விளக்கு கெட்டதுன்னு பார்த்தால் தெரியாது. எண் அழிந்திருந்தால் எதிர்வீட்டுக் கதவு எண் போதும்.

ஒரு விளக்கு மட்டும் அணைந்தால் பெரும்பாலும் அந்த விளக்கிலேயே கோளாறு. வரிசையாக அணைந்தால் சுவிட்ச் பெட்டி, லைன் கோளாறு. அதையும் சேர்த்துச் சொன்னால் சரியான சாமானோடு வருவாங்க.

கம்பி அறுந்து கிடந்தாலோ கம்பத்தில் ஷாக் அடித்தாலோ மாநகராட்சிப் புகார் சரிவராது. கிட்டப் போகாமல் உடனே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குக் கூப்பிடுங்க. பெங்களூரு நெடுஞ்சாலை விளக்குக்கு தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.